மலைக்குக் கிணறு ஏற்றிப்போன கதை

கடற்கரையில் பிறந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. உலகம் முழுக்கக் காலுக்குக் கீழே மணல்தான் இருக்கிறது என்று மனதார நம்புவான். எங்கள் பக்கத்தில் கிணறு தோண்டுவதை யாரும் ஒரு வேலையாகவே கணக்கெடுப்பதில்லை. காலையில் நாலு பேர் இறங்கினால் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் தண்ணீர் அள்ளலாம். ஒரு சீமெந்து வளையத்தை மணலில் வைத்து, உள்ளே நின்று மணலை அள்ளி வெளியே போட வேண்டியதுதான். வளையம் தானாக இறங்கும். அதன் மேல் அடுத்ததை வைக்கலாம். நாலாவது வளையம் இறங்குவதற்குள் "போதும்டா, மேல ஏறு, முழுகப் போறாய்" என்று மேலே நிற்பவர்கள் கத்தத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த ஒரேயொரு ஞானத்தை முதலாக வைத்துக்கொண்டு ஊவா மலையில் அரசாங்கக் கொந்தராத்து எடுத்த மகான் நான்தான்.

நான் கல்முனையில் கட்டட வேலை ஒப்பந்தம் எடுக்கும் சின்னக் கொந்தராத்துக்காரன். 'சின்ன' என்பது இப்போது வந்த அடக்கம். ஆறு வருடத்துக்கு முன் என் விசிட்டிங் காட்டில் 'முகாமைத்துவப் பணிப்பாளர்' என்று தங்க நிறத்தில் அடித்து வைத்திருந்தேன். (நிறுவனத்தில் மொத்தமே இரண்டு பேர். மற்றவரைப் பிரதிப் பணிப்பாளர் ஆக்கியிருந்தேன். நான் முகாமை செய்ய ஒரு ஆள் வேண்டுமே!)

அந்த மற்றவர் என் தங்கை பரீனாவின் கணவர், மச்சான் றிஸ்வான். ஒன்பது வருடம் கட்டாரில் பைப் பொருத்தும் வேலை செய்தவர். லீவில் வந்து வந்து போனதில் மகள் ஹனாவுக்கு அவர் ஒரு விருந்தாளி. கடைசியாக அவர் வந்திறங்கியபோது அவளுக்கு மூன்று வயது. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "உம்மா, இந்த மாமா எப்ப போவாரு?" என்று கேட்டாள். மச்சான் சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போனார், வெளியே வர வெகு நேரம் எடுத்தார். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். "இனி நான் போறதில்ல மச்சான். ரெண்டு பேரும் சேந்து ஊரோட ஏதாச்சும் செய்வம்" என்றார். என் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காக்கா, ஒங்கள நம்பித்தான் இரிக்காரு. திரும்ப அனுப்பிப்போடாதீங்க" என்றாள். நான் நெஞ்சைத் தட்டி, "நான் இரிக்கன்தானேகா" என்றேன்.

நான் இருந்ததுதான் பிரச்சினையே.

எங்கள் பக்கத்தில் ஒரு வடிகானுக்கு டெண்டர் கூப்பிட்டால் பெட்டி நிரம்பி, கடித உறைகள் வெளியே தலை நீட்டும். கல்முனையில் ஒரு பட்டாளம், நிந்தவூரில் ஒரு பட்டாளம், அக்கரைப்பற்றில் இரண்டு. வடிகானை விட டெண்டர் போட்டவர்களின் வரிசை நீளம். பெட்டி திறந்து விலை வாசித்த பிறகு தோற்றவர்கள் எல்லோரும் ஒரே ஹோட்டலில் உட்கார்ந்து கொத்துரொட்டி சாப்பிடுவோம். வென்றவர்தான் வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். ஆனால் அவர் வெல்வதற்காகப் போட்ட விலையை நினைத்தால் நாங்கள்தான் அவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் போலிருக்கும்.

ஏழு டெண்டர் போட்டோம், ஏழிலும் கொத்துரொட்டிதான். அப்போதுதான் எனக்குள் படுத்திருந்த பொருளாதார நிபுணன் எழுந்தான். கலண்டரின் பின்பக்கத்தில் இலங்கைப் படம் வரைந்து ஆராய்ச்சி தொடங்கினேன். பொத்துவில் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கான வேலைகள் வரும், ஆனால் அங்கே பெரிய புள்ளிகள் நிற்பார்கள். சம்மாந்துறைப் பக்கம் வாய்க்காலும் மதகும், அதற்குப் பரம்பரைக் கொந்தராத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ஊவா மலைப்பக்கமோ ஒரு வேலைக்கு இரண்டு பேர், மூன்று பேர்தான் போடுகிறார்கள். அந்த இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். ஏன் அங்கே ஆள் போடுவதில்லை என்ற கேள்வியை மட்டும் நிபுணர் கேட்க மறந்துவிட்டார்.

பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஒரு தோட்டப் பாடசாலைக்கு வளையக் கிணறு ஒன்றும் ஆறு குழாய்களும். கிணறு! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மச்சான், இது அல்லாஹ் நம்மளுக்கெண்டே அனுப்பின வேல. கிணறு தோண்டக் கல்முனையான் வேணும்."

"ஒருக்காப் போய் இடத்தப் பாப்பம்" என்றார் அவர்.

போனோம். மலை, தேயிலை, பனி, சிலுசிலுவென்று தூறல். கால் வைத்த இடமெல்லாம் ஈரம். அதிபர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. தனலெட்சுமி என்று பெயர். எங்களை வரவேற்றுக் கிணறு தோண்ட வேண்டிய இடத்தைக் காட்டினார். நான் கையோடு கொண்டுபோயிருந்த இரும்புக் கம்பியை மண்ணில் குத்தினேன். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினேன். அதே வெண்ணெய்.

"சூப்பர் மண்" என்று தீர்ப்புச் சொன்னேன். அதிபர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பயப்படாதீங்க டீச்சர், ரெண்டு கிழமையில தண்ணி" என்று சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறிவிட்டேன். பணிப்பாளர்மார் அதிக நேரம் நிற்கக் கூடாது.

இனி நான் செய்த பெரிய கூத்துக்கு வருகிறேன். அரசாங்க டெண்டர் பத்திரத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி இருக்கும், அந்த வரிக்கு நேரே நாம் விலை போட வேண்டும். கிண்டும் வேலை எதுவாக இருந்தாலும் 'கற்பாறை உடைத்தல்' என்று ஒரு வரி கட்டாயம் வரும். கல்முனையில் அந்த வரிக்கு யாரும் விலை போடுவதில்லை. எங்கள் ஊரில் கற்பாறையைக் கண்டவர்களை விடத் திமிங்கிலத்தைக் கண்டவர்கள் அதிகம். எல்லோரும் அதற்கு நேரே 'உள்ளடக்கம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். அதாவது, பாறை வந்தால் அது எங்கள் தலையில், அரசாங்கம் தனியாக எதுவும் தரத் தேவையில்லை. வராத பாறைக்கு வள்ளலாக இருப்பதில் என்ன நட்டம்? அந்த வரிக்கு விலை போட்ட ஒரு புதியவரை நாங்கள் ஒரு மாதம் 'கல்லுடைப்பார்' என்று கூப்பிட்டோம்.

என் கை பழக்க தோஷத்தில் எழுதியது: உள்ளடக்கம்.

மச்சான் எட்டிப் பார்த்தார். "மச்சான், அது மல. இதுக்கு ஒரு வெல போட்டாத் தேவல்லயா?"

"கம்பி இறங்கினதக் கண்டீங்கதானே?"

"கண்டன். ஆனா ரோட்டோரமெல்லாம் பாறையாக் கிடந்திச்சே."

"அது ரோட்டோரம். நாம என்ன ரோட்டயா தோண்டப் போறம்?"

இந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கன்னத்தில் அறையத் தோன்றுகிறது. மச்சான் பத்திரத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பெண் கொடுத்த வீட்டு ஆளோடு தர்க்கம் செய்யாத நல்ல மனிதர்.

டெண்டர் திறக்கும் நாள் மலைநகரத்து அலுவலகத்தில் மொத்தம் மூன்று உறைகள். பார்த்ததும் உள்ளுக்குள் கல்யாண வீட்டுப் பைத்துப் பாட்டுப் பாடினேன். உத்தியோகத்தர் முதல் இரண்டு விலையையும் வாசித்தார். மூன்றாவதாக எங்களுடையதைப் பிரித்தார், வாசித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார். எங்கள் விலை மற்ற விலைகளில் பாதியைக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த தலை நரைத்த சிங்களக் கொந்தராத்துக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். தோற்றவர் முகத்தில் கோபம் இருக்க வேண்டும் அல்லவா? இவர் எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்கட கடவுள் உங்களக் காப்பாத்தட்டும்" என்றார், உடைந்த தமிழில்.

"பாத்தீங்களா மச்சான், இந்தப் பக்கத்து ஆக்கள்ற பண்பாட்ட" என்றேன் நான்.

பிறகு லொறி. மலையில் நல்ல வளையம் கிடைக்காது என்று முடிவுகட்டி, கல்முனையிலேயே பன்னிரண்டு சீமெந்து வளையம் வார்த்து லொறியில் ஏற்றினேன். மொனராகலை தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. லொறி முனகியது, புகைத்தது, வளைவுக்கு வளைவு நின்று தண்ணீர் கேட்டது. எதிரே வந்த வாகனக்காரர்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒரு தேநீர்க் கடைக்காரர், "இதெல்லாம் என்னங்க?" என்று கேட்டார். "கிணறு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் மலையையும் பார்த்தார், லொறியையும் பார்த்தார், பிறகு உள்ளே போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் வளையத்தை வைத்தோம். எங்களோடு வந்த மேசன் அலியார் உள்ளே இறங்கி மண்வெட்டியைப் போட்டார். ஒரு அடி, அழகாக வந்தது. ஒன்றரை அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம். அலியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தள்ளிக் கொத்துங்க" என்றேன். ணங். "இஞ்சால." ணங். எங்கே கொத்தினாலும் ஒரே பதில்தான். கடப்பாரை மாதிரி அலவாங்கைப் போட்டோம், அலவாங்கின் நுனி மடங்கியது.

வேடிக்கை பார்க்க வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி அப்போதுதான் விஷயத்தை உடைத்தாள். நான் அன்றைக்குக் கம்பி குத்திய இடம், அவர்கள் ஒரு வாரம் கொத்தி, எரு போட்டு, பதமாக்கிக் கரட் நட்டிருந்த பாத்தியாம். நான் மூன்று இடத்தில் குத்தியதில் மூன்று கரட் செத்துப்போனதாகவும் சொன்னாள்.

நாலு நாள் போனது. கிணறு ஒன்றே முக்கால் அடி. வளையம் இறங்க மாட்டேன் என்று பாறை மேல் பள்ளிவாசல் தலைவர் மாதிரிக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அலியார் அதற்குள் நின்று பால் போடாத பிளேன்டி குடித்தார். "மொதலாளி, எங்கட ஊர்ல கிணத்துக்குள்ள நிண்டா வானம்தான் தெரியும். இதுக்குள்ள நிண்டா நாலு தோட்டம் தெரியிது" என்றார். வெடி வைக்க ஆயிரம் அனுமதி வேண்டும். பாறை உடைக்கும் இயந்திரம் கொண்டுவர, எழுதிய 'உள்ளடக்கம்' இடம் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் டீ.ஓ. வந்தார். வேலையை மேற்பார்வை செய்யும் அரசாங்க உத்தியோகத்தர், இளைஞர், மரியாதையானவர். கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை, நின்ற இடத்திலிருந்தே அடி தெரிந்தது.

"இன்னும் மூணு கிழமை இருக்கு. முடிக்காட்டி ஒப்பந்தம் ரத்து. உங்கட கம்பனிப் பேர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். அதுக்குப் பிறகு எந்த மாகாணத்திலயும் அரசாங்க வேலைக்கு டெண்டர் போடேலாது" என்றார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளு எடுக்கப் பாடசாலைக்குப் பின்னால் போனேன். மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். "ஓம், அதே கம்பனிதான். விசா அடிக்க எத்தின நாள் எடுக்கும்? ...இல்ல, வீட்ட இன்னும் சொல்லல்ல." தங்கையிடம் நெஞ்சைத் தட்டியதும், ஹனா இப்போதெல்லாம் அவர் மடியில் உட்கார்ந்துதான் சோறு தின்கிறாள் என்பதும் ஒன்றாக ஞாபகம் வந்தது. என் பெருமைக்கு ஒரு பிள்ளையின் தகப்பனை விலையாகக் கொடுக்கப் போகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாடசாலை மலசலகூடத்துக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அதிபர் தனலெட்சுமி என்னைக் கண்டுவிட்டார். ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடித்து முடிந்ததும்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. டெண்டர் போடுமுன் வந்திருக்க வேண்டிய கேள்வி.

"டீச்சர், இந்தத் தேத்தண்ணிக்குத் தண்ணி எங்கால?"

அவர் கையை உயர்த்தி மேலே காட்டினார். "அந்தா தெரியுதுங்களே காடு, அங்க ஊத்து இருக்கு சார். பிள்ளைங்கதான் காலையில கேன்ல தூக்கிட்டு வருவாங்க. இங்க தண்ணி எப்பவும் மேலருந்துதான் சார் வரும். கீழ யாரும் தேட மாட்டாங்க."

"அப்ப ஏன் டீச்சர் அண்டைக்கே சொல்லல்ல?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க? கம்பியக் குத்துனீங்க, சூப்பர் மண்ணுன்னீங்க, வண்டியில ஏறிட்டீங்க."

நான் ஓடினேன். "மச்சான், போன வைங்க! மேல தண்ணி இரிக்காம்!" என்று கத்தினேன். நாங்கள் காட்டுக்குள் ஏறினோம். பாறை இடுக்கிலிருந்து கண்ணாடி போலத் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கையை வைத்துப் பார்த்தார், கீழே பாடசாலைக் கூரையைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். ஆறு மாதம் என்னோடு திரிந்த மனிதரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அன்றைக்குத்தான் கண்டேன்.

"மோட்டர் தேவல்ல மச்சான். கரண்ட் தேவல்ல. பைப்ப மட்டும் ஒழுங்காப் போட்டா தானா இறங்கும்" என்றார்.

"இத ஏன் நீங்க முதல்லயே..."

"நான் பிரதிப் பணிப்பாளர்தானே மச்சான்" என்றார். அவர் என்னைக் குத்திக் கதைத்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். வாங்கிக்கொண்டேன்.

கிணற்றுக்குப் பதில் ஊற்று என்று வேலையை மாற்றுவது அவ்வளவு லேசு அல்ல. அதிபர் பாடசாலை அபிவிருத்திக் குழுவைக் கூட்டிக் கடிதம் தந்தார், தோட்ட நிர்வாகம் ஒரு கடிதம் தந்தது. டீ.ஓ. பெரிய பொறியியலாளரையே கூட்டிக்கொண்டு வந்தார். அவர் எங்கள் ஒன்றே முக்கால் அடிக் கிணற்றைச் சுற்றி ஒரு முறை நடந்தார், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தேயிலையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. பிறகு, அதே விலைக்குள் முடிப்பதென்றால் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த இரண்டு கிழமையும் மச்சான்தான் பணிப்பாளர். நான் பைப்பின் மற்ற நுனியைப் பிடிப்பவன். "தூக்குங்க மச்சான், இன்னம் ஒரு விரல், போதும்" என்பார். தூக்குவேன். அட்டை கடித்தது, வழுக்கித் தேயிலைக்குள் இரண்டு முறை உருண்டேன். கொழுந்து பறிக்கும் பெண்கள், "ஐயா, கூடை வேணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கொண்டுபோன வளையங்களில் மூன்றை மேட்டில் அடுக்கி, அடிக்குக் கொங்கிறீட் போட்டு, தொட்டியாக்கினோம். நிலத்துக்குள் இறங்க மறுத்த வளையம் நிலத்துக்கு மேலே ஒழுங்காக வேலை செய்தது.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது குழாயைத் திறந்தோம். முதலில் காற்று வந்தது. குழாய் வயசாளி மாதிரி இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. பிறகு வந்தது பாருங்கள் தண்ணீர்! பிள்ளைகள் போட்ட கூச்சலில் தோட்டத்துரை என்னவோ ஏதோ என்று ஜீப்பில் ஓடி வந்தார். அதிபர் கண்ணைத் துடைத்தார், டீ.ஓ. கை தட்டினார். மச்சான் ஒவ்வொரு குழாயாகப் போய்ப் பொருத்துகளைத் தடவி ஒழுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் தெப்பமாக நனைந்தோம்.

அந்த வேலையில் ஒரு சதமும் மிஞ்சவில்லை. மீதி ஒன்பது வளையத்தையும் திரும்ப ஏற்ற லொறிக்காரர் மறுத்துவிட்டார். அவை இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன, உள்ளே மண் நிரப்பிப் பிள்ளைகள் லீக்ஸ் நட்டிருக்கிறார்கள். ஆனால் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகவில்லை. கையில் ஒரு நற்சான்றுக் கடிதம் கிடைத்தது. ஊற்றிலிருந்து பைப்பில் தண்ணீர் இறக்கும் வேலைகள் அந்தப் பக்கம் நிறைய வரும், அதற்கு அனுபவக் கடிதம் உள்ள ஆட்கள் குறைவு என்று டீ.ஓ. சொன்னார். அப்படி இதுவரை பதினொரு பாடசாலை முடித்துவிட்டோம், மச்சானும் கட்டாருக்குத் திரும்பிப் போகவில்லை. விசிட்டிங் காட்டைப் புதிதாக அடித்தபோது மேலே மச்சானின் பெயரைப் போட்டேன். என் பெயரும் இருக்கிறது, கொஞ்சம் கீழே. கற்பாறை உடைத்தல் வரிக்கு மச்சான் தன் கையாலேயே விலை எழுதுகிறார், அந்தப் பக்கத்தை என்னிடம் தருவதில்லை.

ஊருக்குக் கதை எங்களுக்கு முன்னமே வந்துவிட்டது, அலியாரின் உபயம். பள்ளிவாசலில், சந்தையில், கல்யாண வீட்டில் என் பெயர் 'மலக்கிணத்தார்' என்று நிலைத்துவிட்டது. போன வருடம் ஒரு கல்யாண அழைப்பிதழே அந்தப் பெயருக்கு வந்தது. என் மனைவி அதைச் சிரிக்காமல் வாங்கி வைத்தாள், அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் கதையைச் சொல்வதில் என் தங்கையை யாரும் வெல்ல முடியாது. ஒவ்வொரு பெருநாளைக்கும் குடும்பம் எல்லாம் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், யாராவது ஒருவர் எடுத்துக் கொடுப்பார். உடனே தொடங்கிவிடுவாள். லொறி ஏறியதில் இருந்து கரட் செத்தது வரை ஒன்றையும் விட மாட்டாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்து ஓயும் நேரம் பார்த்து முத்தாய்ப்பு வைப்பாள்.

"எங்கட காக்கா மலைக்குக் கிணறு தோண்டப் போனாரு. தண்ணி கிடைக்கல்ல. எனக்கு மாப்பிள கிடைச்சாரு."

மறுபடியும் வீடு அதிரும். மச்சான் குனிந்து சோற்றைப் பிசைவார். அவளும் சிரித்துக்கொண்டே, கறிச் சட்டிக்குள் அகப்பையை விட்டுத் தேடி, இருப்பதில் பெரிய இறைச்சித் துண்டாக எடுத்து என் பீங்கானில் போடுவாள்.